ஆடாமல் நின்ற தண்ணீர்

கண்ணா,

ஆயுத பூஜை அன்று மத்தியானம், வடையைப் பிட்டுப் பாயசத்தில் தோய்த்துக்கொண்டே நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, கம்பெனியில ரெண்டு எடம் காலியா இருக்கு. ஒன்னு புரொடக்‌ஷன் இன்சார்ஜ், இன்னொன்னு சேஃப்டி. எதுக்குப் போறேன்னு கேக்குறாங்க. நீ என்னம்மா சொல்ற?" நான் "மொதல்ல சாப்பிடு, பாயசம் ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். பதில் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை. புரொடக்‌ஷன்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது நாக்கு நுனியிலேயே இருந்தது. நல்ல நாளில் உன்னோடு எதற்கு வாக்குவாதம் என்று அடக்கிக்கொண்டேன். மறுநாள் காட்டுமன்னார்கோயிலில் நடந்ததற்குப் பிறகு அந்தப் பதிலை அப்படியே விழுங்கிவிட்டேன். இப்போது என்னிடம் வேறொரு பதில் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல முடியாது. போனில் நீ "ம்... ம்... சொல்லும்மா" என்பாய், பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள், அத்தோடு சரி. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். பிள்ளையை ஆலைக்கு அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வருகிற அம்மாக்கள் கடலூர்ப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். உன் மாமாவிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட்டேன், அவனைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதே. "எழுதிக்க, எனக்கென்ன வந்துச்சு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். போகும்போது மட்டும், "நல்லா எழுதுக்கா" என்றான்.

முதலில் என் மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புரொடக்‌ஷன் இன்சார்ஜ் என்றால் உன் பேச்சுக்கு ஒரு ஆலையே ஓடும், நிற்கும். ஊரில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். பெண் பார்க்கிற நேரம் வேறு. சேஃப்டி என்றால் நான் என்னவென்று சொல்வது? பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால், ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறான் என்றா? உன் மாமா நீ சொன்ன அன்றே ஸ்பீக்கர் போனில் கிண்டலை ஆரம்பித்துவிட்டான். "என்னா மாப்ள, ஹெல்மெட் போடு, ஷூவ போடுன்னு கத்திக்கிட்டுத் திரியிற வேலையா? அதுக்கா இன்ஜினியரிங் படிக்க வச்சோம்?" நீ சிரித்தாய். நானும் உன் அப்பாவும்கூடச் சிரித்தோம். உன் சிரிப்பு எங்கள் சிரிப்பைப் போல இல்லை என்பதை நான் கவனித்தேன்.

போன ஆனித் தேருக்கு நீ லீவு போட்டு வந்திருந்தாய். கீழ வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். தேர் அசைந்து வந்தது. அத்தனை பெரிய மரக்கோபுரம் மனிதக் கையால் நகர்கிறதே என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாக மலைத்துப் போவேன். நான் அண்ணாந்து கைகூப்பிக்கொண்டிருந்தேன். நீ குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "டேய், சாமி மேல இருக்குடா" என்று இடித்தேன். "அம்மா, அந்த ஆளுங்களப் பாரு" என்றாய். சக்கரத்தை ஒட்டி, கையில் முட்டுக்கட்டையோடு, தேருக்குச் சமமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். திருப்பத்தில் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகுவதும், உருவுவதும், மறுபடி செருகுவதுமாக இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பக்தியும் இல்லை, பயமும் இல்லை, கண் மட்டும் சக்கரத்தை விட்டு நகரவில்லை. "ஊரே சேந்து இழுக்குதும்மா. நிறுத்துறது அந்த நாலு பேருதான்" என்றாய். இவனுக்குச் சாமி முன்னாலும் இன்ஜினியரிங்தான் என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடி அண்ணாந்துவிட்டேன். வடம் பிடிக்க நாம் எல்லோரும் முண்டியடித்து ஓடுவோம். முட்டுக்கட்டை பிடிக்க யாராவது ஓடி நான் பார்த்ததில்லை.

விஜயதசமி காலையில் நீயும் நானும் டவுன் பஸ் பிடித்து காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் மாமாவின் ரைஸ் மில்லுக்குப் போனோம். உன் அப்பா கடைப் பூஜை இருக்கிறதென்று நின்றுவிட்டார். அந்த மில் வழக்கம் உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூஜைக்கு முன்னால் எல்லா மெஷினையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். ஆயுத பூஜை அன்று எதையும் ஒருவரும் தொடக் கூடாது. மறுநாள் நல்ல நேரத்தில் முதல் நெருப்பு மூட்டி ஓட்ட வேண்டும். அந்த ஒரு நாழிகை எப்படிப் போகிறதோ அப்படித்தான் வருஷம் போகும் என்பது மாமாவின் நம்பிக்கை. போட்ட மாலையை அது வாடித் தானாக விழும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. மில்லில் வேலை செய்கிறவர்கள் பிள்ளை குட்டியோடு வந்திருந்தார்கள். களம் முழுக்கக் கழுவிவிட்டுக் கோலம் போட்டிருந்தது. பொரி, கடலை, சுண்டல் என்று தொன்னை தொன்னையாகக் கை மாறிக்கொண்டிருந்தது.

நெல் அவிக்கிற அந்தப் பாய்லரை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அன்றுதான் ஆற அமர நின்று பார்த்தேன். உமியைத் தின்று, உள்ளே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஊருக்கே அரிசி போடுகிற இரும்பு உருளை. நெற்றி நிறையப் பட்டை பட்டையாகச் சந்தனம். பக்கத்தில், உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய், மேலும் கீழும் பித்தளைத் திருகுகள். அந்தப் பித்தளை விளக்கு மாதிரி மின்னியது. அதன்மேல் அடர்த்தியாக ஒரு சாமந்தி மாலை. பாய்லர் ஓட்டுகிற ஏழுமலை குளித்துவிட்டு, திருநீறும் புதுத் துண்டுமாக நின்றார். மாமா கற்பூரம் காட்டினான், ஏழுமலை நெருப்பு மூட்டினார், உமி பிடித்துக்கொண்டு உறுமியது. கண்ணாடியில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் நின்றது. நான் உன்னிடம், "என்னா அழகு பாருடா, ஆடாம அசையாம படத்துல வரஞ்ச மாதிரி நிக்குது" என்றேன்.

நீ வாயருகே கொண்டுபோன சுண்டலை நிறுத்தினாய். கண்ணாடியைப் பார்த்தாய். தொன்னையை ஒரு மூட்டைமேல் வைத்தாய். "ஆமாம்மா, ஆடலையே" என்றாய். உன் குரல் மாறியது எனக்குக் கேட்டது. கீழே நெருப்பு எரிந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் சும்மா இருக்காது, கண்ணாடியில் கொஞ்சமாவது நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பிற்பாடு சொன்னாய். அப்போது நேராக ஏழுமலையிடம் போனாய். "அண்ணே, காத்தால கேஜைத் தொறந்து ஊதிப் பாத்தீங்களா?" தினமும் வேலை தொடங்கும்போது அந்தக் கண்ணாடிக் குழாயின், அதாவது கேஜின், திருகைத் திறந்து, கண்ணாடியில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். ஏழுமலை கையைப் பிசைந்தார். "இன்னிக்கி எப்படித் தம்பி? மொதலாளி கையால போட்ட மாலை. சாமிக்குப் போட்டத நான் எப்படி நவுத்துறது?"

நீ மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாய். களத்தில் இருந்த அத்தனை பேரும் "ஐயய்யோ" என்றார்கள். நானும்தான் சொன்னேன். கீழே தொங்கிக்கொண்டிருக்க வேண்டிய பித்தளைக் கைப்பிடிகள் இரண்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. அதாவது, இரண்டும் மூடியிருந்தன. கண்ணாடியில் நின்றது திருகை மூடியபோது உள்ளே மாட்டிக்கொண்ட பழைய தண்ணீர். பாய்லருக்குள் எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பது அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு விஷயம் பாதி புரிந்தது, பாதியே ஆளைப் பதற வைக்கப் போதுமானது. "தண்ணி கம்மியா இருந்தா என்னா மாப்ள, மோட்டாரப் போட்டா ரெண்டு நிமிஷத்துல ரொம்பிடும்! ஏழுமல, போடுய்யா மோட்டார!" ஏழுமலையின் கை சுவிட்சுக்குப் போனது. நீ கத்தினாய் பார், "தொடாதீங்க!" என்று. உன்னைப் பெற்றவள் நான், அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை.

நெருப்பு என்றால் தண்ணீர் ஊற்று என்பதுதான் நமக்கெல்லாம் தெரிந்த புத்தி. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மோட்டாரைத்தான் போட்டிருப்பேன். காய்ந்து சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால் தோசைக்கல்லில் தெளித்தது மாதிரிச் சீறும். மூடிய உருளைக்குள் அப்படிச் சீறினால் அந்த ஆவிக்குப் போக வழி கிடையாது, இரும்பையே கிழித்துக்கொண்டுதான் வரும் என்று நீ பிறகு சொன்னாய். எவ்வளவு நல்ல எண்ணத்தோடு நீண்ட கை அது.

அடுத்து நீ செய்ததை நினைத்து நினைத்து வியக்கிறேன். எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். மாமாவோ, "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாத மாப்ள, வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று நிற்கிறான். பெண்கள் கோலத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் பாய்லர் சூட்டில் கை காட்டி விளையாடுகிறார்கள். வெடிக்கப் போகிறது ஓடுங்கள் என்று நீ கத்தியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள், மீதிப் பேர் வாசலில் மிதிபட்டிருப்பார்கள். நீ மாமா வீட்டு அத்தையிடம் போய்ச் சிரித்த முகமாக, "அத்த, பூசணிக்காய இப்பவே ரோட்டுக்கு அந்தாண்ட ஒடச்சிடலாம். எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. உள்ள காசு ஜாஸ்தி போட்டிருக்குன்னு பிள்ளைங்க கிட்ட சொல்லுங்க" என்றாய். மில் ஓடி முடிந்து கடைசியில் உடைக்கிற திருஷ்டிப் பூசணிக்காய் அது. அத்தை உன் கண்ணைப் பார்த்தாள். பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிள்ளைகள் பின்னால் ஓடின, பிள்ளைகளுக்குப் பின்னால் அம்மாக்கள் ஓடினார்கள், கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாமாவும் போக வேண்டியதாயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் களம் காலி.

நானும் ரோடு வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தேன், நீ வரவில்லை. நீயும் ஏழுமலையும் உள்ளேயே நின்றுவிட்டீர்கள். அதற்குப் பிறகு என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது, கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடி வந்தேன். நீ உமி விழுகிற வாயை அடைத்து, காற்றுக் கதவை மூடி, சாம்பலை வாரி வாரி நெருப்பின்மேல் கொட்டிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் வந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வாடா, இரும்புதானடா, போனாப் போவுது, வாடா!" நீ திரும்பின முகத்தை மறக்க மாட்டேன். "நீ ஏம்மா உள்ள வந்த? உன்னப் பாக்குறதா, இதப் பாக்குறதா? அண்ணே, எங்கம்மாவ இழுத்துக்கிட்டுப் போங்க!" ஏழுமலை என்னைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ கடைசிச் சாம்பலைக் கொட்டிவிட்டு, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஓடாமல் நடந்து வந்தாய். நெருப்பு அப்போதுதான் பிடித்தது, கொஞ்ச நேரம் இருந்தது, இல்லையென்றால் நானும் ஓடியிருப்பேன் என்று சொன்னாய். உன் சட்டையெல்லாம் சாம்பல்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டு அந்த மில்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். புகைபோக்கியில் புகை மெலிந்தது. டவுன் பஸ் போனது, ஆடு போனது, யாரோ என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உடைந்த பூசணிக்காயில் குங்குமம் வழிந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் காசு பொறுக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் அந்தப் பிள்ளைகளையே பார்த்தேன். இந்தச் சண்டை நடக்காமல் போயிருக்கலாம் என்று தோன்றியது. தேரைப் பார்த்து, கடலைப் பார்த்து, நீ பிறந்த அன்று உன் முகத்தைப் பார்த்து நான் மலைத்திருக்கிறேன். ஒன்றுமே நடக்காமல் ஒரு பகல் கழிவதைப் பார்த்து மலைத்தது அன்றுதான்.

வெயில் சாய்ந்து இரும்பு ஆறிய பிறகு நீ எங்களைக் கூப்பிட்டாய். பித்தளைக் கைப்பிடிகளைக் கீழே திருப்பினாய். அவ்வளவு நேரம் முக்கால்வாசிக்கு நின்ற தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போய்விட்டது. வெறும் கண்ணாடி. ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்கு முதலில் வந்தது கோபம். "எவன்டா அது? எவன் அந்தத் திருகுல கைவச்சது? இப்பவே கணக்க முடிச்சு வெளிய அனுப்புறேன் அவன!" என்று குதித்தான். குதித்துக்கொண்டே, "பித்தளயத் தேய்க்கும்போது கைப்பிடிய இப்படித் திருப்பி வச்சிட்டு..." என்று வலது கையைக் காற்றில் திருகிக் காட்டினான். கை பாதியில் நின்றுவிட்டது. வருஷா வருஷம் அந்தப் பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது அவனேதான். வேறு ஆளைத் தொட விட மாட்டான். எங்கள் அப்பா செய்த கைங்கரியம் அது. பின்பக்கம் கறை போகவில்லையென்று கைப்பிடியைத் திருப்பித் தேய்த்திருக்கிறான், பளபளப்பைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்து மாலையைப் போட்டுவிட்டான். தேய்த்தது யார் என்பது ஏழுமலைக்குத் தெரியும். தெரிந்தும் அவர் முதலாளியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என் தம்பி அத்தனை சிறுத்துப்போய் நான் பார்த்ததில்லை. நீதான் அவன் பக்கத்தில் போய் மூட்டைமேல் உட்கார்ந்தாய். "மாமா, யாருன்னு கேட்டா ஒரு ஆளத் திட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். அடுத்த வருஷம் வேற ஒருத்தர் இதையே செய்வாரு. எப்படி நம்ம ஒருத்தர் கண்ணுக்கும் படாமப் போச்சுன்னு பாப்போம் வாங்க." இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே தேடினீர்கள். சேறு வெளியேற்றுகிற அடித் திருகில் ஒரு மணல் துணுக்கு மாட்டி, மூடியது சரியாக மூடாமல், பூஜை நாளும் இரவும் முழுக்கத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. களம் முழுக்கக் கழுவிவிட்ட ஈரம், அதனால் ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் மட்டம் காட்ட இரண்டாவது கண்ணாடி ஒன்று உண்டு. அது உடைந்து, அறுவடை முடியட்டும் பார்க்கலாம் என்று அடைத்துப் போட்டிருந்தார்கள். காலைச் சோதனையை ஏழுமலை பக்தியால் விட்டார். ஒவ்வொன்றாக நீ சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடக் கெட்ட காரியம் இல்லை. அத்தனையும் நம் வீட்டில் தினம் நடக்கிறவை. பெரிய விபத்து என்றால் எவனோ ஒரு பாவி குடித்துவிட்டுச் செய்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதை, பக்தி, அவசரம், நல்ல நாளில் கெட்ட வார்த்தை பேசாத பழக்கம், இவையெல்லாம் ஒரே காலையில் ஒரே இடத்தில் வந்து நின்றால் போதுமாம். இது தெரிந்ததிலிருந்து பேப்பரில் விபத்துச் செய்தி படிக்கும்போது யாரையும் என்னால் திட்ட முடியவில்லை.

பிறகு நீ குழாயடியில் கை கழுவினாய். சாம்பல் போனதும் மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்த தடம் தெரிந்தது, ஆறிப்போன காயம். "என்னடா இது?" என்றேன். "ஒன்னுமில்லம்மா" என்றாய். நான் விடவில்லை. உங்கள் ஆலையில் ஒரு தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் உள்ளே மயங்கி விழுந்திருக்கிறார். மேலே நின்றது அவருடைய மச்சான். "மச்சான்!" என்று கத்திக்கொண்டு அவரும் குதிக்கப் போயிருக்கிறார். நீ அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாயாம். காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குகிற ஆட்கள் வரும்வரை விடவில்லையாம். அந்த மனிதன் அழுது, அடித்து, கடைசியில் உன் கையைக் கடித்துவிட்டான். "உள்ள இருந்தவரு பொழச்சிட்டாரும்மா. அவரும் பொழச்சாரு. விட்டிருந்தா ரெண்டு பொணம். காப்பாத்தப் போறவங்கதாம்மா அடுக்கடுக்கா சாவுறாங்க. கெணத்துலயும் அப்படித்தான், கழிவுத் தொட்டியிலயும் அப்படித்தான்." இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டாய். உள்ளே ஏன் வந்தாய் என்று என்னிடம் நீ அப்படிக் கத்தியதன் காரணம் எனக்கு அந்தக் குழாயடியில்தான் விளங்கியது.

மில்லில் என்ன முடிவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ அன்றே கடலூர் பஸ் ஏறிவிட்டாய். இரண்டாவது கண்ணாடி வந்துவிட்டது. அடித் திருகு மாற்றியாயிற்று. மாமா புது வழக்கம் ஒன்று வைத்திருக்கிறான். இனிமேல் கற்பூரம் காட்டுவதற்கு முன்னால், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஏழுமலை திருகைத் திறக்க வேண்டும். தண்ணீர் இறங்கி, மறுபடி ஏறி, நடுங்குவதைப் பார்த்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும். கண்ணாடிக்கு மாலை கிடையாது. "அதுவும் பூசையில சேத்திதான்கா" என்றான். பித்தளையை யார் தேய்ப்பது என்று கேட்டேன். "நான்தான்" என்று முறைத்தான். கைப்பிடியைத் திருப்பினால் ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பானாம். பிறகு யாரும் கேட்காமலே, "மாப்ள அந்த சேஃப்டி வேலைக்கே போவட்டும்" என்றான்.

என் பதிலும் அதுதான். போ. பெண் வீட்டார் கேட்டால், என் பிள்ளை ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன். புரியாத வீட்டில் நமக்குப் பெண் வேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போ. உன்னை யாரும் கொண்டாட மாட்டார்கள். நீ நிறுத்தியதால் நஷ்டம் என்பார்கள். நீ நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல நேரம் பார்க்கிற ஊரில் கெட்டதை வாய்விட்டுச் சொல்கிறவனாக இருக்கப் போகிறாய். மேலதிகாரி மாமாவைப் போல உறவுக்காரனாக இருக்க மாட்டான், மூட்டைமேல் உட்கார்ந்து கேட்க மாட்டான். கத்த வேண்டிய இடத்தில் கத்து, பூசணிக்காய் உடைக்க வேண்டிய இடத்தில் உடை. எது எங்கே என்று உனக்குத் தெரிகிறது. எங்கிருந்து கற்றாய் என்று எனக்குத் தெரியவில்லை, நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது வேறு. விழுந்தவனைப் பார்த்தால் ஓடிப் போய்த் தூக்கு என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். இப்போது அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. விழுந்தவன் யாராக இருந்தாலும் குதிக்காதே. மூச்சுக்குக் காற்றும் இடுப்பில் கயிறும் இல்லாமல் ஒரு படி இறங்காதே. விழுந்தது நீயாக இருந்தால், உனக்காக யாரும் குதிக்கக் கூடாது என்று உன் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவை. அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள். இது சரியான சட்டம் என்று எனக்குப் புரிகிறது. உன் கையில் இருக்கிற தடத்தைப் பார்த்த பிறகு புரியாமல் எப்படி இருக்கும்?

புரிந்தாலும், என்னால் அதைக் கடைப்பிடிக்க முடியாது. அன்று களத்தில் நீயே பார்த்தாய். மறுபடியும் அப்படித்தான் ஓடி வருவேன், கையைப் பிடித்தால் கடிப்பேன். அதனால் இப்போதே உன் கம்பெனி கேட்டில் சொல்லிவை: என்ன நடந்தாலும் எங்கம்மாவை மட்டும் உள்ளே விடாதீங்க என்று.

அம்மா